கார்க் கொட்டகைக்கு வந்த தாய்மாமன்

முத்துப்பேச்சி எதையும் மறக்க மாட்டாள். இதை அவளுடைய குறை என்று சொல்கிற ஆட்கள் உண்டு. "விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்று ஊருக்கு உபதேசம் செய்கிற அவர்கள் யாரும் அவள் நின்ற இடத்தில் நின்றவர்கள் இல்லை. நான் அவள் பக்கத்தில் நின்றேன். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

என் பெயர் சகாயசெல்வி. திண்டுக்கல் பைபாஸ் ஓரம், மூடிப்போன நூல் மில்லின் மைதானத்தில் கோடைக்கு மட்டும் ஒரு டிரைவ்-இன் தியேட்டர் நடக்கிறது. ஊர் அதற்கு வைத்த பெயர் கார்க் கொட்டகை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் திரையை ஏற்றுவார்கள். ஆடிக் காற்று கிளம்பினால் கிழித்துவிடும் என்று அதற்குள் இறக்கிவிடுவார்கள். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாம், சத்தம் காரிலிருக்கிற ரேடியோவில் வரும். கார் இல்லாதவர்கள் லோடு ஆட்டோவைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, பாய் தலையணையோடு குடும்பமாகச் சாய்ந்துகொள்வார்கள். அங்கே கேட்டில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்துக் காருக்குப் புகை விடுகிற கனவான்களைத் திட்டுவதைச் சம்பளம் இல்லாமலே செய்கிறேன்.

அதே மில்லில்தான் நானும் முத்துவும் வயசுப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரே ஷிப்டில் நூல் ஓட்டினோம். பிறகு அவள் பரோட்டா மாஸ்டர் மொக்கைச்சாமியைக் கட்டிக்கொண்டாள். பவித்ரா பிறந்தாள். மில்லை மூடிய பிறகு புருஷனும் பெண்டாட்டியும் தள்ளுவண்டி போட்டார்கள், அப்புறம் கல்யாண வீடுகளுக்குச் சமைத்தார்கள். இப்போது கொட்டகையின் சமையல் அவர்கள் கையில் இருக்கிறது. மொக்கைச்சாமி அண்ணன் பரோட்டா அடிப்பார். தோசைக்கல்லும் நாட்டுக்கோழிக் குழம்பும் முத்துவுடையது. சின்ன வெங்காயத்தை வதக்கி, அம்மியில் அரைத்த மசாலாவைப் போட்டு அவள் இறக்குகிற குழம்பு அவளுடைய அம்மாவின் கைப்பக்குவம். டிக்கெட் வாங்கும்போதே சாப்பாட்டுக்கும் என்னிடம் சொல்லிவிட வேண்டும். ஆட்கள் கொண்டுபோய்க் காரிலேயே கொடுப்பார்கள். யார் சமைத்தது என்று எவருக்கும் தெரியாது, கேட்பதும் இல்லை.

இனி முத்துவின் அண்ணன்காரன் கதை. சித்தையன்கோட்டை ஈஸ்வரன். அவர், இவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முத்துவுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே உடன்பிறப்பு அவன். அப்பா செத்த பிறகு தென்னந்தோப்பு முழுவதும் தன் பெயருக்கு வர வேண்டும், தங்கச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும் என்றான். அப்பா வாய்விட்டுச் சொன்ன பங்கு அது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் இவள் செய்த குற்றம்.

பவித்ரா சமைந்து சடங்கு வைத்த அன்று, தாய்மாமன் சீர் வரும் என்று பந்தலே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை பட்டுப்புடவையோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். மாமன் மாலை போட்டால்தான் மற்றதெல்லாம் நடக்கும். ஈஸ்வரன் வந்தான். கையில் தட்டும் இல்லை, மாலையும் இல்லை. பந்தல் வாசலிலேயே நின்றுகொண்டு, சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்.

"இவ கையால இனி ஒரு வாய் தின்னேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். மணையில் இருந்த பிள்ளை தலை குனிந்தவள் நிமிரவே இல்லை. மொக்கைச்சாமி அண்ணனின் பங்காளி ஒருவர் மாலையைப் போட்டு ஒருவழியாகச் சடங்கை முடித்தார். முத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் சோறு போட்டாள். இலை எடுக்கும்போது மட்டும் என்னிடம் சொன்னாள்.

"ஒருநாளு அவன் என் கையால திங்கணும் செல்வி. நாலு பேரு முன்னால சொன்னான்ல, நாலு பேரு பாக்கத் திங்கணும். அதுவரைக்கும் எனக்கு நெஞ்சு ஆறாது."

வருஷங்கள் ஓடின. பவித்ரா நர்சிங் படிக்கப் போய்விட்டாள். அவளே அதை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். முத்து மறக்கவில்லை. குழம்பு கொதிக்கும்போது சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டுவாள், அன்றைக்கு அண்ணன் நினைப்பு வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிடும்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாயும் நேரம், கேட்டில் கார்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து கண்ணாடியை இறக்கியது. பார்த்தால் ஈஸ்வரன். தலைக்குச் சாயம், வெள்ளைச் சட்டை, அதே மிதப்பு. பக்கத்தில் வயதானவர் ஒருவர், பின்னால் பெண்கள். "சம்பந்தி குடும்பம், பழனிப் பக்கம் பாலசமுத்திரம். நல்ல எடமா பாத்து நிப்பாட்டணும்" என்று பெருமையாகச் சொன்னான். மகன் முகேஷ்குமாருக்குப் பெண் பேசி முடித்திருக்கிறானாம். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. டிக்கெட் கொடுக்கிறவள் முகத்தை அவன் எதற்குப் பார்க்கப் போகிறான். தோசையும் நாட்டுக்கோழிக் குழம்பும் எல்லாருக்கும் சொன்னான். நல்ல எடம்தானே கேட்டான் என்று, நடு வரிசையில், முன்னாலும் பின்னாலும் கார் நிற்கிற மாதிரி நிறுத்தச் சொன்னேன். படம் முடியாமல் அங்கிருந்து ஒரு வண்டியும் வெளியே வர முடியாது.

சமையற்கட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் முத்துவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. குழம்பில் அரைப்படி மிளகாய்த் தூளை அள்ளிப் போடு, நாக்கு வெந்து சாகட்டும் என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

"கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. காரமா இருந்தா வச்சுட்டுப் போயிருவான். நல்லாத் திங்கணும். எலும்பக்கூட விடாமத் திங்கணும்."

அன்றைக்கு அவள் போட்ட தோசை மாதிரி நான் பார்த்ததில்லை. ஓரமெல்லாம் முறுகி, நடுவில் பஞ்சாக. கோழியில் நல்ல துண்டாகப் பொறுக்கிப் போட்டாள். மொக்கைச்சாமி அண்ணன் தன் பரோட்டாக் கல்லையும் அவளுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கி நின்றார். தட்டுகள் போயின. செத்த நேரத்தில் கொண்டுபோன ஆள் திரும்பி வந்து, அந்தக் காரில் முன்னால் இருக்கிறவர் இன்னொரு கிண்ணம் குழம்பு கேட்கிறார் என்றான். முத்து சிரித்தாள். சிரிப்பா அது, எனக்கே பயமாக இருந்தது. கிண்ணம் வழிய ஊற்றிக் கொடுத்தாள். திரும்பி வந்த தட்டில் எலும்புகள் உறிஞ்சி வெளுத்துக் கிடந்தன.

இனி நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதற்கு எங்கள் கொட்டகையில் வழி இருக்கிறது. இடைவேளையில் பிறந்தநாள், காதுகுத்து, கல்யாண நாள் என்று வாழ்த்துகளைத் திரையில் போடுவோம். கேட்டில் நான்தான் எழுதி வாங்கி ஆபரேட்டருக்கு அனுப்புவேன். கைதட்டலுக்குப் பதிலாகக் கார்க்காரர்கள் ஆரன் அடிப்பார்கள். முத்து சொல்லச் சொல்ல நான் போனில் தட்டினேன். தங்கச்சி என்று போடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும் என்றாள்.

இடைவேளை வந்தது. ஏதோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் போனது. அடுத்து, தென்னை மரம் உயரத் திரையில், கொட்டை எழுத்தில் வந்தது:

"முத்துப்பேச்சி கையால் வயிறாரச் சாப்பிட்ட சித்தையன்கோட்டை திரு. ஈஸ்வரன் அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. மீண்டும் வருக."

ஞாயிற்றுக்கிழமை என்றால் சித்தையன்கோட்டையிலிருந்து ரெண்டு மூன்று லோடு ஆட்டோவாவது வரும். அன்றைக்கும் வந்திருந்தது. அந்தப் பந்தலில் சோறு தின்றவர்கள் அவர்கள். முதலில் ஒரு லோடு ஆட்டோவிலிருந்து விசில் பறந்தது. அப்புறம் ஒரு ஆரன். அப்புறம் விஷயம் தெரியாதவர்களும் சேர்ந்து அடிக்க, மைதானமே அலறியது. எனக்குச் சாமி வந்த மாதிரி இருந்தது. மாதாவே, மன்னித்துக்கொள், அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஈஸ்வரன் காரை எடுக்கப் பார்த்தான், முடியவில்லை. இறங்கி நேரே சமையற்கட்டுக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. முத்து நிமிர்ந்து பார்க்கவில்லை, கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன காரியம் செய்துவிட்டாய் என்று அடிக்குரலில் அவன் ஆரம்பிப்பதற்குள், பின்னாலேயே சம்பந்தி வந்துவிட்டார். பாவம், நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார்.

"ஏனுங்க, உங்க பேரைப் போட்டதும் இப்படி ஆரன் அடிக்கிறாங்களே. இவங்க உங்களுக்குச் சொந்தமுங்களா?"

ஈஸ்வரன் அவர் பக்கம் திரும்பினான். ஊரில் தெரிந்தவர்கள், அவ்வளவுதான் என்றான். தின்ற குழம்பின் வாசம் கையில் இருக்கும்போதே அப்படிச் சொன்னான். சம்பந்திக்கு மனசு சமாதானம் ஆகவில்லை. முத்துவைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இவரு ஒத்தைப் பிள்ளை, கூடப் பிறந்தவங்க யாருமே இல்லைன்னு சொல்லித்தான் எங்ககிட்ட சம்பந்தம் பேசினாரு. முகத்தைப் பார்த்தா ஒரே சாடையா இருக்குது. அதுதான் கேட்கறனுங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. சோறு தின்ன மாட்டேன் என்றவன், அவள் பிறக்கவே இல்லை என்று ஆக்கியிருக்கிறான். இது எங்களுக்குத் தெரியாது. ஆமாம், நான் இவன் தங்கச்சி, தோப்பில் எனக்குப் பங்கு இருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் அங்கேயே பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஈஸ்வரனுக்கும் அது தெரிந்தது. சம்பந்தி கண்ணில் படாமல், இடுப்புக்குக் கீழே இரண்டு கையையும் சேர்த்து அவளைக் கும்பிட்டான். சொல்லுடி, சொல்லித் தொலை என்று நான் அவள் முழங்கையை இடித்தேன்.

முத்து அண்ணனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு சம்பந்தியிடம் சொன்னாள்.

"இல்லைங்க. எனக்குக் கூடப் பொறந்தவுக யாருமில்ல. இருந்திருந்தா எம்மகளுக்கு மாலை போட வந்துருப்பாக."

அவர் தலையாட்டினார். குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. கையில் கிடைத்தவனை இப்படி விட்டுவிட்டாளே, இதற்கா இத்தனை வருஷம் கறுவிக்கொண்டிருந்தாள் என்று அவளைத் திட்டத் திரும்பினேன். அப்போதுதான் ஈஸ்வரன் முகத்தைப் பார்த்தேன். தப்பித்தோம் என்ற மூச்சு பாதி வந்தது, மீதி வரவில்லை. அவள் சொன்னது அவனுக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். பங்கு கேட்டிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பான். இதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவான்.

படம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அவன் போகவில்லை. கார்களுக்குத் தோசை கொண்டுபோகிற ஆட்கள் அவனுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"பேச்சி" என்றான். சின்ன வயசில் கூப்பிட்ட மாதிரி.

அவள் மாவைக் கரண்டியில் எடுத்தாள்.

"பின்னால ஆளு நிக்கிறாக சார். செத்த தள்ளி நில்லுங்க."

அவன் தள்ளி நின்றான்.