அக்கா வாங்கிய வழிகாட்டிப் புத்தகம்

ஒரு ஊரில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, அந்த ஊரில் வாழ்வது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகத்தைத் தேடிக் கடைக்குப் போன ஆள் என் அக்கா ஒருத்தியாகத்தான் இருக்கும். கூடப் போனவள் நான். அன்றைக்கு எனக்கு இருந்த கால் வலிக்கும் கோபத்துக்கும் அவளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிட நாலு வயது மூத்தவள். நாடு விட்டு இந்த ஊருக்கு முதலில் வந்தது அவள்தான். இரண்டு வருடம் கழித்து என்னையும் இழுத்துக்கொண்டாள். நான் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. அக்காவுக்கு ஒரே வீடு, ஒரே ஆள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, அதில் தனியாக ஒரு டீச்சரம்மா. இந்த ஊர்க்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியிருந்தது. அவரோடேயே தங்கி இராப்பகலாகப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை.

முதல் ஏழு வருடம் டீச்சரம்மா நடமாடினார். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் அக்கா. மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, பூங்கா, திரும்ப வீடு. பதினெட்டாம் நம்பர் பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார்ந்தால் டீச்சரம்மாவுக்கு முட்டி இடிக்காது என்பது வரைக்கும் அக்காவுக்கு அத்துப்படி. ஊரில் வேறு எதைப் பற்றிக் கேட்டாலும், "எனக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்பாள். பிறகு ஒருநாள் டீச்சரம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அதோடு படுத்தவர்தான். டாக்டர் வீட்டுக்கே வந்தார், மருந்து வாசலுக்கே வந்தது, மளிகை லிஃப்டில் ஏறி வந்தது. நாலு வருடம் அக்கா தெருமுனையைத் தாண்டவில்லை.

படுத்த உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். அக்கா திருப்புவாள், முதுகைத் துடைப்பாள், பவுடர் போடுவாள், விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் நாலு மூலையும் இழுத்துவிடுவாள். பத்திரிகையைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். அப்படி வாசித்து வாசித்தே இந்த ஊர் பாஷையை எழுத்துக்கூட்டப் பழகிக்கொண்டாள். நாலு வருடத்தில் ஒரு புண் வரவில்லை. டாக்டர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். நானாக இருந்தால் அந்தப் பாராட்டுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அந்த நாலு வருடம் ஊர் சும்மா இருக்கவில்லை. நான் வேலைக்குப் போகிற வழியே மூன்று தடவை மாறிவிட்டது. பழைய மேம்பாலத்தை இடித்தார்கள். ரயில் தடம் போட்டார்கள். பஸ் நம்பர்களை எல்லாம் கலைத்துப் புதிதாக வைத்தார்கள். தெரிந்த கடைக்குப் போனால் அங்கே பள்ளம் தோண்டியிருக்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நானே எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போய் இதையெல்லாம் கொட்டித் தீர்ப்பேன். அவள் ஜன்னல் வழியே தெரிகிற கிரேனைக் காட்டி, "அது அங்கயேதான் நிக்குது" என்பாள். ஏதோ நான் பொய் சொல்கிற மாதிரி!

போன மாதம் ஒரு காலையில் டீச்சரம்மா முடிந்துபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அவருக்குத் தலை வாரி, முகம் துடைத்து, போர்வையை மார்பு வரை இழுத்து மடித்துவிட்டிருந்தாள். வெளியூரிலிருந்து மகன் வந்தார். நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. "ஒரு மாசம் இங்கயே இருந்துக்குங்க. அதுக்கப்புறம் வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்கணும்" என்றார். அக்கா சரி என்றாள். காலி கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து எப்போதும் போலப் படுத்துக்கொண்டாள். அழவில்லை, சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கவில்லை. மரத்துப்போன காலை ஊன்றினால் தரை தெரியாதே, அப்படி நடமாடினாள். 

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு ஆளின் வேலை முடிந்தால் முப்பது நாளுக்குள் அடுத்த வேலையைத் தொழிலாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் அக்காவுக்கு என்ன இருக்கிறது? புருஷன் வேறு குடும்பம் கட்டிக்கொண்டு போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. அவள் அறையில் அண்ணன் மகன் கல்யாணம் முடித்துக் குடியிருக்கிறான். நாற்பத்தொன்பது வயதில் போய்க் கூடத்தில் பாய் விரிக்கவேண்டும், அண்ணி முகத்தைப் பார்த்துக் காபி குடிக்கவேண்டும். நான் விட்டுவிடுவேனா? ஏஜென்சிக்காரனை நச்சரித்து வேலை பிடித்தேன். ஊரின் புதுப் பக்கத்தில், நடக்க முடியாத ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அவர் மகள் கடிதமும் கொடுத்துவிட்டார். பதிவது ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் அக்கா சொன்னாள், "ஊரைப் பத்தி ஒரு புத்தகம் வாங்கணும்டி. இனிமே நானே போய் வரணும்ல."

"போன்ல பாரு அக்கா. எல்லாம் அதுலயே வரும்."

"அதுல எழுத்து பொடிசா ஓடுது. புத்தகம்னா கைல வச்சுக்கலாம்."

அந்த வாரத்தில் அவளாகக் கேட்டது அது ஒன்றுதான். அதனால் பதினாலு அறையை முடித்துவிட்டு, வீங்கின காலோடு அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அன்பாக விசாரித்தாள். "ஊருக்குப் புதுசா? எப்ப வந்தீங்க?"

"பதினொரு வருஷம் ஆச்சு" என்றாள் அக்கா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

முதலில் காட்டியது பளபளப்பான ஒன்று. மூன்று நாளில் ஊரைச் சுற்றிவிட்டுப் பறந்துபோகிறவர்களுக்கானது. அதை நானே தள்ளிவிட்டேன். அடுத்தது இங்கே தங்கி வாழ வருகிறவர்களுக்கு என்றே போட்டது, இந்த வருடப் பதிப்பு. எந்த அலுவலகம் எங்கே, எத்தனை நாளுக்குள் எதைப் பதிய வேண்டும், எல்லாம் இருந்தது. "இதுதான், எடு" என்றேன். அக்கா எடுக்கவில்லை. டீச்சரம்மா வீடு இருக்கிற பேட்டையின் பக்கத்தைத் தேடிப் பிடித்து, விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள்.

"தப்பா இருக்கு" என்றாள்.

"என்ன தப்பு?"

"பதினெட்டாம் நம்பர் இல்ல. மருந்துக்கடை இல்ல. ஆஸ்பத்திரிக்கு வேற பக்கம் வாசல் போட்டிருக்கான்."

கல்லாவுக்குப் பக்கத்தில் தள்ளுபடிக் கூடை ஒன்று இருந்தது. அதில் அதே புத்தகம், ஐந்து வருடத்துக்கு முந்தைய பதிப்பு, அட்டை வெளுத்துக் கிடந்தது. அதை எடுத்து அதே பக்கத்தைத் திருப்பினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. "பதினெட்டு இருக்கு பாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கும்னு போட்டிருக்கு. மருந்துக்கடைக்காரரு புதன்கிழமை மத்தியானம் திறக்க மாட்டாருன்னு கூட போட்டிருக்கான். பூங்காவுக்குப் பின்னால சின்ன கேட் இருக்குதுல்ல, அதுகூட இருக்குடி." இத்தனை நாளில் அவள் குரலில் உயிர் வந்தது அப்போதுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "அக்கா, அந்த மருந்துக்கடையை இடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு! புத்தகம் தப்பில்ல, ஊர் மாறிப்போச்சு!"

"மாறினது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இதுல சரியா இருக்கு. தெரிஞ்சது சரியா இருந்தா, தெரியாததும் சரியாத்தான் இருக்கும்."

சிரித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு ஆளையோ ஒரு புத்தகத்தையோ நாம் நம்புவது வேறு எப்படி? பேசாமல் புதுப் புத்தகத்தையும் சேர்த்து வாங்கி அவள் பையில் போட்டிருக்கலாம். கால் வலித்தது, பசித்தது, எரிச்சலாக இருந்தது. "என்னமோ பண்ணு. உன் பாடு" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். இன்றைக்கும் அந்த வார்த்தை என்னைக் குத்துகிறது.

பதிவுக்குக் கிடைத்த நாள் இருபத்தெட்டாவது நாள், காலை பத்தரை மணி. ஹோட்டலில் ஏதோ மாநாடு, லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்னையே மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். "வழி தெரியுமா?" என்று போனில் கேட்டேன். "புத்தகத்துல இருக்கு" என்றாள். எந்தப் புத்தகம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு, ஒரு அறையில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"இங்க ஆபீஸ் இல்லடி. கட்டில் விக்கிறாங்க."

"என்னது?"

"பெரிய கடை. கட்டில், மெத்தை, பீரோ எல்லாம் இருக்கு."

"எப்ப போய்ச் சேர்ந்த?"

"ஒம்பதே காலுக்கு. பஸ் வரல. நடந்தே வந்துட்டேன்."

"அப்பலேருந்து என்ன பண்ணிட்டிருக்க?"

"ஒரு கட்டில்ல உட்கார்ந்திருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்லல. விரிப்பெல்லாம் சுருக்கம் சுருக்கமா போட்டு வச்சிருந்தாங்க. இழுத்து விட்டேன்."

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். தள்ளுவண்டியை வராந்தாவில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பின்னால் சூப்பர்வைசர் கத்தியது முதல் மாடி வரை கேட்டது. டாக்சி பிடித்து, அவளைக் கட்டில் கடையிலிருந்து கிளப்பி, அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. கவுன்டரில் இருந்தது சின்ன வயதுப் பெண். சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே கணினியைப் பார்த்தாள். எங்கள் நேரம் போய்விட்டது, அடுத்த நேரம் பத்து நாள் கழித்துத்தான் என்றாள். முப்பது நாள் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. நான் கெஞ்சினேன், அதட்டினேன், மறுபடி கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் காட்டினேன். அக்கா கைப்பையை அணைத்துக்கொண்டு, யாருக்கோ நடக்கிற விஷயம் மாதிரி நின்றிருந்தாள்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. "நாள் நீட்டிக்க ஒண்ணு ரெண்டு காரணம் இருக்கு" என்று சொல்லி அக்கா பக்கம் திரும்பினாள். "உங்க போன வேலை எப்படி முடிஞ்சுது?"

"முடிஞ்சிடுச்சு" என்றாள் அக்கா.

"நீங்களா விட்டீங்களா? அவங்க நிறுத்திட்டாங்களா?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். "அவங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா நான் பதிய முடியாது."

"வாயைத் திறந்து சொல்லேன், தாயே!" என்று நம் பாஷையில் கத்தினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா கண்ணாடித் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். "அப்ப பத்து நாள் கழிச்சு வாங்க" என்று அடுத்த எண்ணை அழைக்கக் கையை நீட்டினாள்.

"டீச்சர் செத்துட்டாங்க" என்றாள் அக்கா.

இந்த ஊர் பாஷையில், எழுத்துக்கூட்டி வாசிப்பது போல மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் தேதியைக் கேட்டாள். அக்கா சொன்னாள். பதிவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அக்கா நிறுத்தவில்லை. "காலைல ஆறு நாற்பது. தண்ணி கேட்டாங்க. எடுத்துட்டு வந்து வாயில வச்சேன். முழுங்கல. முழுங்குவாங்கன்னு தம்ளரைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். ஏழு மணி வரைக்கும் நின்னேன்."

என்னிடம்கூட இதை அவள் சொன்னதில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றன. பிறகு, யாரைப் பார்த்துக்கொள்கிறோமோ அவர் இறந்துபோனால் பதினைந்து நாள் கூடுதலாக உண்டு என்று சொல்லி, முத்திரை குத்தி, அடுத்த நேரத்தையும் எழுதிக் கொடுத்தாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தப்பிச்சோம் அக்கா! எங்க உன்னை அனுப்பிடுவாங்களோன்னு நான் செத்துப் பொழைச்சேன். ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரமா?" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே படி இறங்கினேன். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால் அவள் அங்கேயே நின்றிருந்தாள், கையில் அந்தக் காகிதத்தோடு.

"அந்த வார்த்தையை நான் யாருகிட்டயும் சொல்லாமலே இருந்தேன்டி" என்றாள். "சொல்லாத வரைக்கும் அவங்க வீட்டுல படுத்திருக்கிற மாதிரியே இருந்துது. இப்ப நான் இங்க இருக்கணும்கிறதுக்காக, அவங்க இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்."

  ஏறிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வா, உனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.