கம்பி விட்டுக் கறுத்த தண்ணீர்

சின்னமனூரில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்ற ஒரு கடையில் மூன்று வருடம் எனக்குக் கம்ப்ளெய்ன்ட் மேஜை. கம்ப்ளெய்ன்டை வாங்கிக்கொள்வதுதான் என் வேலை. தீர்ப்பது யார் வேலை என்று கடைசி வரை ஒருவரும் சொல்லவில்லை.

விற்கும் முறை எளிது. எங்கள் ஆள் ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டுத் தண்ணீரை ஒரு கிளாஸிலும் எங்கள் மிஷின் தண்ணீரை இன்னொன்றிலும் வைப்பார். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார். வீட்டுத் தண்ணீர் சாக்கடையாகக் கறுக்கும். எங்களுடையது தெளிவாக நிற்கும். கறுப்பது அழுக்கல்ல, கம்பியின் இரும்பு. தண்ணீரில் இயல்பாக உள்ள உப்பில் கரண்ட் பாய்ந்து இரும்பு கரைகிறது. அந்த உப்பை மிஷின் எடுத்துவிடுவதால் எங்களுடையது கறுக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சம்பளம் வாங்கினேன். கம்பி விட்டவர் ஆர்டர் கிடைத்ததும் கம்பி நீட்டிவிடுவார். வசவு வாங்குவது நான்.

ஒருநாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஆள் தெருவையே கூட்டி வைத்துக் கம்பி விட்டது அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான். பார்த்த பாதிப் பேர் மிஷின் வாங்கிவிட்டார்கள். அவர் வாங்கவில்லை.

“இப்ப எங்க வீட்டுல ஒருத்தரும் தண்ணி குடிக்க மாட்டேங்கிறாக தம்பி. திராட்சத் தோட்டத்துக்குப் போறவுக ஒரு செம்பு குடிச்சிட்டுத்தான் போவாக. நேத்து எங்கூடப் பிறந்தவளே பாட்டில் கொண்டாந்து குடிக்கிறா. நீங்க வந்து ஊருக்கு முன்னால சொல்லுங்க, எங்க கிணத்துத் தண்ணி நல்ல தண்ணின்னு.”

“கஸ்டமர் நம்பர் இருந்தாத்தான் கம்ப்ளெய்ன்ட் ஏறும்மா,” என்றேன். எனக்கே வாய் கூசியது. ஆனால் வேலை போய்விடுமே என்ற பயம் கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் என்னை வையவில்லை. வைதிருக்கலாம். எங்களிடமே ஒரு மிஷின் வாங்கிப் போனார். அன்று கடையில் எல்லோருக்கும் டீ வந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வேன் பிடித்து வந்தார்கள். முன்னால் நின்றவர் மேஜையைத் தட்டினார்.

“எங்களுக்கெல்லாம் மட்டமான மிஷினக் குடுத்து ஏமாத்திட்டீக. தண்ணி சப்புன்னு இருக்கு. அந்தக்கா வீட்டு மிஷின்ல மட்டும் தேனா வருது. இப்பத் தெருவே அங்கனதான் குடிக்கிது. அந்த மாடலக் குடுங்க!”

எல்லாம் ஒரே மாடல். குழம்பிப் போய் அந்த வீட்டுக்கே போனேன். வாசலில் இரண்டு பெண்கள் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, சமையலறைச் சுவரில் மிஷின் தொங்கியது. எங்கள் ஆட்கள் மாட்டிய குழாயை அந்த அம்மா கழற்றி வைத்திருந்தார். பிளக்கும் சொருகவில்லை. அதன் கீழே இருந்த குடத்திலிருந்து எனக்கும் ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர். மடமடவென்று குடித்தேன்.

“வெளிய சொல்லிருவீகளா தம்பி?” என்று கேட்டார்.

கடைக்குத் திரும்பி, தெருக்காரர்கள் கொடுத்த கம்ப்ளெய்ன்டின் கீழ், ‘அந்த மாடல் இப்போது வருவதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடத்தில் ஒரு கஸ்டமருக்காக நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.