ஹருவான் வெட்டிய கை

என் அக்கா ருக்மணி கரண்டியால் சோறு சாப்பிடுவதைப் பார்த்து எங்கள் ஊர் காஜா பேராங்கில் சிரிக்காதவர்கள் குறைவு. வெள்ளைக்காரன் போனான், இவள் துரைசானி ஆகிவிட்டாள் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தக் கரண்டி எப்படி வந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

அக்காவுக்கு வழவழப்பு ஆகாது. வெண்டைக்காய் நறுக்கினால்கூட மூன்று முறை கை கழுவுவாள். அவளுக்கு வாய்த்தவர் சேதுபதி அத்தான். துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர். கடல் மீன் தவிர வேறு மீனைத் தொடமாட்டார். அடுத்த வீட்டில் குளத்து மீன் கொதித்தால் இங்கே வாசலில் நின்று காறித் துப்புவார்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷக் கடைசியில் அத்தானுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதமாகியும் புண் மூடவில்லை, சீழ் கட்டியது. இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மறுபடியும் அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா பயத்தில் பாதியாகிப் போனாள்.

அடுத்த வீட்டுப் பாக்கியம்தான் வழி சொன்னாள். "ஹருவான் குடு ருக்கு. அறுத்த புண்ணுக்கு அத விட்டா மருந்தில்ல. பாசார்ல உயிரோட கெடைக்கும்."

ஹருவான் என்றால் விரால். வயல் சேற்றில் கிடக்கும் மீன். பெயரைச் சொன்னதற்கே அத்தானின் தட்டு பறந்தது. "செத்தாலும் சாவேன். தவளை திங்கிற அந்தப் பாம்புத் தலைய வாயில வைக்க மாட்டேன்!"

தலையும் தோலும் முள்ளும் இல்லாத வெறும் சதைக்குப் பெயரேது? அக்கா திருட்டுத்தனமாகச் சமைக்கத் துணிந்தாள். நான் உதவிக்குப் போனேன், ஏன் போனோம் என்று ஆனது.

கிணற்றடியில் சாம்பலைத் தூவிப் பிடித்தாலும் அந்தச் சனியன் கையை விட்டு நழுவியது. கோழை முழங்கை வரை ஒட்டியது. குழவியால் அடித்து, தலையை வெட்டிப் போட்ட பிறகும் அந்தத் தலை வாயைத் திறந்து திறந்து மூடியது. வயிற்றைக் கீறினால் பாதி செரித்த தவளைக்கால். அக்கா வாழைமரத்தடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து நானும் எடுத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். தோலை உரித்தாள். நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை விட்டு இரண்டு பக்கச் சதையையும் எடுத்தாள். உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, இஞ்சி மிளகு தட்டிப் போட்டு வேகவைத்தாள்.

"செனாங்கின்ங்க. கடல் மீனு," என்று வைத்தாள்.

"பாத்தியா? கடல் மீனுன்னா கடல் மீனுதான்," என்று விரலை நக்கினார் அத்தான்.

அன்றிலிருந்து தினமும் ஒன்று. எலுமிச்சை, காப்பித்தூள், அடுப்புக்கரி எதைப் போட்டுத் தேய்த்தாலும் அவள் கையில் அந்தச் சேற்று நாற்றம் போகவில்லை. சோற்றுப் பிடியை வாயருகே கொண்டு போனாலே குமட்டியது. மூன்றாம் நாள் கரண்டியை எடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் புண் மூடிக்கொண்டது. இனிக் கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். அக்கா துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, நிஜமான செனாங்கின் வாங்கி அதே மாதிரி சமைத்தாள்.

ஒரு வாய் வைத்த அத்தான் துப்பினார். "என்ன எழவு இது? சப்புன்னு இருக்கு. அந்த மீனு எங்க?"

அக்காவுக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன். விடுவிடுவென்று கிணற்றடிக்குப் போய், தகர டின்னில் உயிரோடு மிச்சமிருந்த ஹருவானைத் தண்ணீரோடு தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். "இந்தாங்க. நீங்க நக்கி நக்கித் தின்ன செனாங்கின்."

அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவரது இன்னொரு கை வயிற்றுத் தழும்பைத் தடவியது. தட்டு பறக்கப் போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன்.

"சரி, சரி, எடுத்துட்டுப் போ. கண்ணால பாக்க முடியல," என்றார். "நாளைக்கும் அதையே வை. வெட்டுறப்ப மட்டும் கதவ சாத்திக்க."

வைத்தாள், இருபத்திரண்டு வருஷம், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த மீனைக்கூட நான் பின்னால் தின்னப் பழகிவிட்டேன். அந்த மனுஷனை நினைத்தால்தான் இன்றைக்கும் குமட்டுகிறது. அக்கா சாகக் கிடந்தபோது கஞ்சியைக் கையால் கரைத்து ஊட்டப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரண்டியை எடுத்து வரச் சொன்னாள்.