சிறகு கேட்ட மகள்

மைசூரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு மதியம், என் மகளும் மகனும் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டினார்கள். கதை சொல்வதும் விதி வைப்பதும் என் வேலை. விளையாட்டில் அவர்கள் பனிமூடிய காட்டைக் கடந்து ஆற்றங்கரை சேர வேண்டும். மகள் தன் வேடத்துக்குச் சிறகு கேட்டாள்.

"அதெல்லாம் கெடையாது கண்ணு."

"அப்ப நான் ஆடலப்பா," என்று எழுந்துவிட்டாள்.

இதைக் கேட்கும் பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன். அவள் பறந்தால் நான் யோசித்து வைத்த காடெல்லாம் வீணாகுமே என்று பயந்தேன். ஆனால் அவள் இல்லாமல் விளையாட்டு ஏது?

"சரி, வெச்சுக்கோ. ஆனா தம்பியைத் தூக்கிட்டுப் பறக்க முடியாது."

"நீ போக்கா. என்னைப் புலி தின்னட்டும்," என்றான் மகன்.

அவள் சன்னலைப் பார்த்தாள். மேகத்துக்குள் சாமுண்டி மலை பாதி கரைந்திருந்தது.

"தொலையுது, நடந்தே வர்றேன்டா," என்று மறுபடி உட்கார்ந்தாள். மூவரும் மெல்லக் காட்டுக்குள் நுழைந்தோம்.