இந்த டிஸ்க் இந்த ஊருக்கு இல்லை

வீடியோ கேம் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்குப் பாதி நேரம் வேலையே, ரிப்பேராகாத பெட்டியைக் காட்டி "இதில் ரிப்பேர் ஒன்றும் இல்லை" என்று சொல்வதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த டிஸ்க்கை ஆசையாகப் போட்டு, திரை சிவப்பாகி, "சரியான டிஸ்க்கைப் போடு" என்று திட்டு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். கம்பெனிக்காரர்கள் உலகத்தையே பங்கு போட்டிருந்தார்கள். ஜப்பான் ஒரு பங்கு, அமெரிக்கா ஒரு பங்கு, ஐரோப்பாவும் துபாயும் நாமும் ஒரு பங்கு. ஒரு பங்கின் டிஸ்க் இன்னொரு பங்கின் பெட்டியில் ஓடாது. இதை நான் செங்கல்பட்டில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சிற்பியின் கேள்வி

மாமல்லபுரம் ஏழுமலை கல் சிற்பி. அமெரிக்காவில் ஒரு கோயிலுக்குப் பெருமாள் சிலை செய்து அனுப்பி, பிரதிஷ்டைக்கும் போய்விட்டு வந்தார். வரும்போது மகளுக்கு ஒரு கார் பந்தய டிஸ்க். வீட்டில் இருந்ததோ மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்த பெண், சிவப்புத் திரையைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம்.

நம் பங்குக்கு வந்த அதே விளையாட்டு என்னிடம் இருந்தது. மாற்றிக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"நான் செஞ்ச பெருமாள் அங்க போயி நின்னுகினு கீறாரு. நீ எந்த ஊரு பெருமாள்னு ஒருத்தனும் கேக்கல அண்ணாத்த."

பொருத்தம்

வசந்தி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கப்பலில் வேலை செய்த அண்ணன் வாங்கித்தந்த ஜப்பான் பெட்டி அவளிடம் இருந்தது. கூடவே ஒரே ஒரு டிஸ்க். அதையே ஆடி ஆடிச் சலித்துவிட்டது. பெட்டியைப் பிரித்து உள்ளே ஒரு சிப் வைத்தால் எல்லா ஊர் டிஸ்க்கும் ஓடும் என்றேன். அண்ணன் கொடுத்ததைப் பிரிக்க விடமாட்டேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் ஸ்டீபன் வந்தான். கணினி அலுவலகத்தில் வேலை. ஜப்பான் போன நண்பன் அனுப்பிய டிஸ்க்குகள் ஒரு பை நிறைய இருந்தன. அவன் பெட்டி ஒன்றைக்கூட ஏற்கவில்லை. சிப்பும் அப்போது கடையில் தீர்ந்திருந்தது. வசந்தியைக் கேட்டுக்கொண்டு இருவரையும் ஒரு சனிக்கிழமை கடைக்கு வரச் சொன்னேன். அவள் பெட்டியில் அவன் டிஸ்க் ஓடியது. ஆனால் எல்லாம் ஜப்பான் எழுத்து. எந்தப் பொத்தான் எதற்கு என்று இருவரும் அமுக்கி அமுக்கிக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

விஷயம் தெரிந்ததும் வசந்தியின் அப்பா கடைக்கே வந்து, ஜாதகம் என்றால் என்னவென்றே தெரியாத வீட்டுக்குப் பெண் கொடுப்பதா என்று என்னிடம் சத்தம் போட்டார். நான் டிஸ்க்கைத்தான் சேர்த்துவைத்தேன் என்று சொன்னது அவரிடம் எடுபடவில்லை. வசந்தி வருவது நின்றது. ஸ்டீபன் மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். எனக்குத்தான் மனது கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து வந்து கல்யாணப் பத்திரிகை நீட்டினார்கள். அப்பா எப்படி ஒத்துக்கொண்டார் என்று வசந்தியைக் கேட்டேன்.

"அவருதான் பேசறதையே வுட்டுட்டாரே. ஒரு நாள் சாப்பாடு போடறப்ப, ஜாதகம் இல்லாட்டி இன்னாப்பா, டிஸ்க்கு பொருந்திச்சேன்னேன். சிரிச்சுட்டாரு அண்ணா."

குப்பனின் விருந்தாளி

மாமல்லபுரத்து மீனவர் குப்பன் வீட்டு மாடியில் ஒரு ஜெர்மன்காரர் ரெண்டு மாசம் தங்கியிருந்து, ஊருக்குப் போகும்போது தன் டிஸ்க்குகளைக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டு டிஸ்க் ஓடாது என்று தெருவே சொன்னதால், குப்பன் பாதி துக்கத்தோடுதான் அவற்றோடு தன் வீட்டுப் பெட்டியையும் தூக்கி வந்தார். போட்டேன். ஓடியது. ஜெர்மனியும் நாமும் ஒரே பங்கு என்றேன். அவர் திரையைக் காட்டிச் சொன்னார்.

"தெனம் ஒண்ணா குந்தி மீன் கொழம்பு துன்னோம், அவன் பேசனதுல ஒரு வார்த்த எனுக்குப் புரியல. அவன் டிஸ்க்கு இன்னாடான்னா, வந்ததும் நம்ம பொட்டியோட பழகிக்கிச்சு."

உலகத்தைப் பங்கு போட்டவர்கள் எங்கேயோ நிம்மதியாக இருந்தார்கள். அவர்கள் சார்பில் ஊருக்கெல்லாம் பதில் சொன்னது மட்டும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த நான்.