அய்யம்மாளின் கருநாக்கு

அய்யம்மாளுக்கு வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். பிள்ளை தலைகீழாக இருக்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்று வயிற்றைத் தடவியே சொல்லிவிடுவாள். சின்னமனூருக்குத் தெற்கே நாலு ஊருக்கும் அவள்தான் மருத்துவச்சி. வலி எடுத்தால் தாயே என்று கூப்பிடுவார்கள், பிள்ளை விழுந்ததும் கொல்லைப்புறமாகப் போகச் சொல்வார்கள். அதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டதில்லை. வாயைத் திறந்ததுதான் வினையாகப் போயிற்று.

மலைமேல் பெரியாற்றில் அணை கட்ட ஆள் சேர்த்துக்கொண்டிருந்த வருஷம். பெரிய வீட்டு வீரபாண்டியின் மனைவி சோணையம்மாள் அப்போது கைப்பிள்ளைக்காரி. அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, இடது மார்பில் அய்யம்மாளின் விரல் நின்றது. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் நழுவவில்லை. மேல்தோல் எலுமிச்சைத் தோல் போலச் சொரசொரத்து, காம்பு உள்ளே இழுத்திருந்தது.

"வலிக்குதா ஆத்தா?"

"வலிச்சாச் சொல்லியிருக்க மாட்டேனா? பால் கட்டியிருக்கும்."

வலிக்கவில்லை என்றதும் அய்யம்மாள் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். அவளைப் பெற்றவளும் இப்படி வலிக்காத கட்டியோடுதான் ஒரு வருஷம் சிரித்துத் திரிந்தாள். அடுத்த வருஷம் அவள் புண்ணில் புழு எடுத்தவள் அய்யம்மாள். ஆனால் வேதக்காரத் தெரு வியாகுலமேரி அப்படிச் சாகவில்லை. கட்டி சிறிதாக இருந்தபோதே மதுரைக்குப் போய் வெள்ளைக்கார டாக்டரிடம் மார்பை அறுத்துக்கொண்டு வந்தாள். ஆறு வருஷமாகக் களத்தில் கதிரடிக்கிறாள்.

இதையெல்லாம் நினைத்துத்தான் அய்யம்மாள் வீரபாண்டியிடம் போய் நின்றாள்.

"சாமி, இது பால்கட்டு இல்ல, புத்து. வண்டியப் பூட்டி மதுரைக்குக் கொண்டுபோங்க. வச்சிருந்தா ஆத்தா அடுத்த தைக்கு இருக்க மாட்டாக."

கடைசிப் பேச்சை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். வீரபாண்டியின் காதில் அது ஒன்றுதான் விழுந்தது.

"வெள்ளைக்காரன் முன்னால என் பொண்டாட்டி மாராப்ப அவுக்கணுமாக்கும்? போடி வெளியே!"

பற்றுப் போட்டார்கள், மந்திரித்தார்கள், கிடா வெட்டினார்கள். கட்டி உடைந்து நாறியது. அடுத்த தைக்குச் சோணையம்மாள் இல்லை.

நோய் கொன்றது என்று ஒருவரும் சொல்லவில்லை. அய்யம்மாளின் நாக்கு கொன்றது என்றார்கள். கருநாக்குக்காரி, அவள் சொன்னது பலித்துவிட்டதாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு விரலி மஞ்சளைச் சுட்டு அவள் நாக்கில் வைத்தார்கள். அவளை அமுக்கிப் பிடித்தவர்களில் இரண்டு பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அடுத்த தடவை நாக்கையே அறுத்துவிடுவேன் என்றார் வீரபாண்டி. ஆனால் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. துரத்தினால் பிள்ளை எடுக்க யார் இருக்கிறார்கள்? இனி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வேப்பிலைக் கொத்தைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் நுழைய வேண்டும், வெளியே வந்துதான் துப்ப வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ஊருக்கு அவள் கை வேண்டும், வாய் வேண்டாம்.

ஏழு வருஷம் அந்தக் கசப்போடு பிள்ளை எடுத்தாள். முக்கு என்று சொல்ல முடியாமல் தொடையில் தட்டுவாள்.

அப்புறம் சோணையம்மாளின் மூத்த மகள் பொன்னாத்தாள் இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். குழந்தை சுகமாகப் பிறந்தது. மூன்றாம் நாள் வெந்நீர் ஊற்றும்போது அய்யம்மாளின் விரல் மறுபடியும் நின்றது. தாய்க்கு இருந்த அதே பக்கம், அதே புளியங்கொட்டை.

வாசலில் வீரபாண்டி இருமுவது கேட்டது. அய்யம்மாள் வேப்பிலையை எடுக்கவில்லை. பொன்னாத்தாளின் விரலைப் பிடித்துக் கட்டியின்மேல் வைத்து அழுத்தினாள்.

"கட்டியா? வலிக்கலையே அய்யம்மா. ஒண்ணுமில்லைதானே?"

அய்யம்மாள் பதறிப்போய்த் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அப்படி நினைக்காதே என்பது அவள் எண்ணம்.

"நானும் ஒண்ணுமில்லைன்னுதான் நெனச்சேன்" என்று பொன்னாத்தாள் சிரித்தாள்.

அய்யம்மாள் இன்னும் வேகமாக ஆட்டினாள். ஆட்ட ஆட்ட அந்தப் பெண்ணுக்குத் தைரியம் கூடியது. அய்யம்மாள் மதுரை இருக்கும் கிழக்குத் திசையைக் கை காட்டினாள்.

"என்ன, வெயில் அடிக்குதா? சன்னலைச் சாத்திரு."

சன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து வேப்பிலையைத் துப்பினாள். வாய் இப்போது சும்மாதான் இருந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. பயந்தாள், அவ்வளவுதான். அந்தப் பயத்தை நினைத்து நினைத்துப் பிற்காலத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பத்து மாதத்தில் கட்டி உடைந்து, பொன்னாத்தாளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். வீரபாண்டி அய்யம்மாளின் குடிசைக்கே வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"அய்யம்மா, உன் வாக்குப் பலிக்கும். ஊரே கண்டிருக்கு. எம்மக பொழைச்சுக்குவான்னு ஒரு வார்த்தை சொல்லு."

"சாமி, இனிமே மதுரைக்குப் போனாலும் முடியாது சாமி."

"மதுரைய யாரு கேட்டா? வாக்குச் சொல்லு!" என்று கை கூப்பினார்.

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு வேப்பிலை இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். அறைக்கு வெளியிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது. பொன்னாத்தாள் கண் திறந்து பார்த்தாள்.

"நீதான ஒண்ணுமில்லைன்னு தலையாட்டுன?"

அய்யம்மாள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "பொழைச்சுக்குவ தாயி" என்றாள்.

அன்று மத்தியானம் பொன்னாத்தாள் ஒரு கும்பாக் கஞ்சி குடித்தாள். பன்னிரண்டாம் நாள் செத்துப்போனாள்.

பாடை கிளம்பும்போது வீரபாண்டி கூட்டத்துக்கு நடுவில் அய்யம்மாளைப் பார்த்தார். "மனசாரச் சொல்லலைடி நீ" என்றார்.

அதோடு வேப்பிலைக் கட்டுப்பாடு தானாக விட்டுப்போனது. அவள் வாக்கு பலிக்காது என்று தெரிந்தபின் வாயை அடைத்து என்ன பயன்? மறுவருஷம் அவள் தெருக்காரன் ஒச்சாண்டியின் மனைவி மார்பில் அவள் விரல் நின்றது. இந்தத் தடவை அய்யம்மாள் பயப்படவில்லை. தெருவே கேட்கும்படி கத்தினாள். "புத்து! நாளைக்கே மதுரைக்குப் போங்க, ஒச்சாண்டி!"

ஒச்சாண்டி சிரித்தான். "நீ சொல்லி இனிமே எது பலிக்கப்போகுது? போ கெழவி."