மேட்டில் யாரும் இறங்காத நாள்

தம்மபாலன் அண்ணனுக்குத் தங்கச் சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் வேலை. பூமிக்கடியில் எந்த லெவலில், எந்தப் பாதையில் காற்று தேங்குகிறது என்று கண்டுபிடித்து வழி செய்வார். லீவு நாளில் வண்டி ரிப்பேர் பார்ப்பார். போர்டு கிடையாது, ஆனாலும் ஆண்டர்சன்பேட்டையில் முரண்டு பிடிக்கிற வண்டியெல்லாம் அவர் வாசலில்தான் நிற்கும்.

பங்காருபேட்டை ரயிலுக்கு ஆள் ஏற்றிப்போக நான் ஓட்டிய வேன் சௌந்தரம் அக்காவுடையது. கணவர் இறந்தபின் அவருக்கு அதுதான் சோறு. அறுபத்துநாலாம் வருஷம், பங்காருபேட்டை ரோட்டு மேட்டில் அது மூச்சு வாங்கத் தொடங்கியது. நான் சொல்லாமலே சனங்கள் அடியில் இறங்கி, நடந்து வந்து மேலே ஏறிக்கொள்வார்கள். பாதிப் பேர் ரயிலைத் தவறவிட்டார்கள்.

"திங்கக்கிழமை சாயந்தரம் காயலான் கடைக்குப் போட்டுடறேன், ஆபிரகாமு" என்றார் அக்கா.

அன்றே வண்டியைத் தம்மபாலன் அண்ணன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிபோல்டு முன்பு விரிசல் விட்டபோது, வேறு வண்டியினுடையதை மலிவாக வாங்கி மாட்டியவன் நான். போல்ட்டு பொருந்தியது. அதற்கு மேல் எந்த மடையன் பார்ப்பான்? அக்காவிடம் நான் சொல்லவும் இல்லை.

ஞாயிறு காலை தம்மபாலன் அண்ணன் அந்த மேனிபோல்டைக் கழற்றினார். விளக்குக் கரியை எஞ்சின் ஹெட்டில் காற்று நுழையும் துளைகளைச் சுற்றித் தடவிக் காகிதத்தில் ஒற்றினார். அந்த அச்சை மேனிபோல்டின் வாயில் வைத்தார். வாயின் ஓரம் ஒரு நெல் அளவு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

"லெவல்ல கல்லு நீட்டிக்கினு இருந்தா காத்து முட்டிக்கினு நிக்கும். இங்கயும் அதான்" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அரத்தை எடுத்தார்.

மதியம்வரை அரம், பிறகு உப்புத்தாள். நடுநடுவே கண்ணை மூடிச் சுண்டுவிரல் நகத்தால் தடவுவார். தட்டினால் மறுபடியும் அரம்.

"போதும்ணே" என்றேன்.

"நகத்துக்கே தெரியுது, காத்துக்குத் தெரியாதா?"

இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

திங்கள் காலை அண்ணன் என் பக்கத்திலும் அக்கா பின்சீட்டிலும் ஏறி வந்தார்கள். மேட்டடியில் பழக்கதோஷத்தில் சனங்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வேன் குபீரென்று ஏறியது. நான் கூவினேன். பக்கத்திலிருந்த அண்ணன் முறைத்தார்.

"வெறும் வண்டிய ஆடு கூட இழுக்கும். போய் ஏத்திக்கினு வா."

திரும்பிப் போய்ப் பதினாலு பேரையும் கெஞ்சி ஏற்றினேன். செகண்ட் கியரிலேயே மேடு ஏறிவிட்டது. பின்சீட்டில் சௌந்தரம் அக்கா அழுதுவிட்டார்.

"இன்னாண்ணா கோளாறு?"

"ஒரு கல்லு நீட்டிக்கினு இருந்தது, தங்கச்சி."

என் பெயரை அவர் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தக் கல்ல வெச்சது நான்தான்கா" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ரயிலுக்கு நேரமாச்சு. ஓட்டு" என்றார்.